விண்ணிலிருந்து மடல் வந்தால்

திருப்பூருக்கு வடமேற்கே, வானம் தெளிந்த நாள்களில் நீலகிரி மலைத்தொடர் மங்கலாகத் தெரியும். அம்மலையில், உதகையை அடுத்த முத்தொரை என்னும் ஊரில், 1970ஆம் ஆண்டு முதல் ஒரு பெருஞ்செவி விண்ணை நோக்கித் திறந்திருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலறிஞர் கோவிந்த் சுவரூப் அவர்களின் முயற்சியால் எழுந்த வானொலித் தொலைநோக்கி அது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். உதகை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. அதே அளவு சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டு, அதன்மேல் இக்கருவியை அமைத்தார்கள். அதனால் கருவியின் நீள அச்சு, புவியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக அதனால் தொடர்ந்து செவிமடுக்க முடிகிறது.

வேற்றுலகத்தாரைத் தேடுவதற்காக இத்தொலைநோக்கி கட்டப்படவில்லை. தொலைவிலுள்ள வானொலி மூலங்களை நிலவு மறைக்கும் வேளையில் ஆராய்வதே அதன் முதற்பணியாக இருந்தது. ஆயினும், இத்தகைய செவிகளுள் ஒன்றில் என்றேனும் ஒருநாள், எவரோ எண்ணி எழுதி அனுப்பிய செய்தி ஒன்று வந்து விழுமானால், அதை நம்மால் படிக்க இயலுமா என்னும் கேள்வி அறிவியலாளரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்கொண்டுள்ளது. இதைப் பொழுதுபோக்குக் கதைகளுக்குரிய கேள்வி என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நம்மைப்போல் இல்லாத ஒருவர் நம்மிடம் பேசினால், அவர் சொன்னதையே நாம் புரிந்துகொண்டோம் என்பதற்கு என்ன உறுதி? இக்கேள்வி விண்மீன்களைப் பற்றியது போலவே நம் அண்டை வீட்டைப் பற்றியதும் ஆகும்.

செவிமடுத்தவர்கள்

1959ஆம் ஆண்டில் கொக்கோனி, மோரிசன் என்னும் இரு இயற்பியலறிஞர், விண்வெளியில் எங்கும் நிறைந்துள்ள ஹைட்ரஜன் அணு வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செவிமடுக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை ஒன்றில் முன்மொழிந்தனர். எந்த உலகின் அறிஞரும் அறிந்திருக்கக் கூடிய அலைவரிசை அதுவே என்பது அவர்கள் வாதம். அடுத்த ஆண்டே பிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்திலிருந்து இரு விண்மீன்களை நோக்கிச் செவிமடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

1967இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், 1.33 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் வானொலித் துடிப்பு ஒன்றைக் கண்டார். அத்தனை ஒழுங்கான துடிப்பை இயற்கை எழுப்புமா என்ற ஐயத்தால், 'சிறிய பச்சை மனிதர்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். பின்னர் வானின் வேறு திசையிலும் அத்தகைய துடிப்பு கேட்கவே, அது சுழலும் விண்மீன் ஒன்றின் துடிப்பே என்று தெளிந்தது. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒகையோ மாநிலத் தொலைநோக்கி ஒன்றில் 72 நொடிகள் வலுவான அலை ஒன்று பதிவாயிற்று. அதைக் கண்ட அறிஞர் வியந்து தாளின் ஓரத்தில் எழுதிய ஒரு வியப்புச் சொல்லே அதன் பெயராயிற்று. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் தேடியும் அது மறுபடி கேட்கவில்லை. ஆகவே அதைச் செய்தி என்று எவரும் உறுதி கூறவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நாம் மதிக்க வேண்டியது ஒன்று உண்டு. செய்தி வர வேண்டும் என்று ஏங்கியவர்களே, செய்தி வந்ததாகச் சொல்லத் துணியவில்லை. தம் ஏக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளாத அந்தக் கட்டுப்பாடு ஓர் அறப்பண்பு. செபத்தில் தம் விருப்பத்தையே இறைவனின் குரலாகக் கேட்டுவிடக் கூடாது என்று நம் ஆன்மிக ஆசான்கள் காலங்காலமாக எச்சரித்து வந்தது இதையே.

திருச்சபையும் பல உலகங்களும்

இவ்விடத்தில் நம் வாசகர் சிலர் கேட்கக்கூடும்: வேற்றுலகத்தில் அறிவுள்ள உயிர்கள் இருந்தால் நம் விசுவாசம் என்னாகும்? இக்கேள்வி நம் திருச்சபைக்குப் புதிதன்று. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய அறிஞர் பலர், ஒன்றுக்கு மேற்பட்ட உலகங்கள் இருக்க முடியாது என்று வாதிட்டனர். 1277ஆம் ஆண்டில் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கூற்றுகளைக் கண்டித்து ஆணையிட்டபோது, இறைவனால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்னும் கூற்றும் அவற்றுள் இடம்பெற்றது. பல உலகங்கள் இருக்கின்றன என்று ஆயர் கூறவில்லை. இறைவனின் ஆற்றலுக்கு மனிதர் எல்லை வகுக்கலாகாது என்றே கூறினார். 1440இல் கூசா நகர் நிக்கோலாஸ், மற்ற விண்பொருள்களிலும் குடிகள் இருக்கக்கூடும் என்று எழுதினார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அண்மையில், 2009 நவம்பரில், திருப்பீட அறிவியல் கழகமே வத்திக்கானில் விண்ணுயிரியல் பற்றிய ஆய்வு வாரம் ஒன்றை நடத்தியது.

மனுவுருவேற்றலும் மீட்பும் அத்தகைய உயிர்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்பது இறையியலாருக்குத் திறந்த கேள்வி. அதை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. படைத்தவர் ஒருவரே என்பதால், எத்துணைத் தொலைவிலிருந்து வந்தாலும் அவர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர் என்ற அளவில் நிற்போம். முற்றிலும் அந்நியர் அல்லர் என்றால், அவர்கள் மொழியைப் படிக்கும் திறவுகோல் எங்கேனும் இருந்தாக வேண்டுமல்லவா?

எண்களால் எழுதிய மடல்

அத்திறவுகோல் கணிதம் என்று பலர் கருதினர். 1960இல் ஹாலந்து நாட்டுக் கணித அறிஞர் பிராய்டெந்தால், ஒன்று, இரண்டு என எண்ணிக்கையில் தொடங்கிப் படிப்படியாக மனித நடத்தைவரை விளக்கும் ஒரு விண்மொழியையே வகுத்தார். 1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ தொலைநோக்கியிலிருந்து ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டம் ஒன்றுக்குச் செய்தி அனுப்பப்பட்டது. 1679 துடிப்புகள் கொண்ட செய்தி அது. 1679 என்பது 23, 73 என்னும் இரு பகா எண்களின் பெருக்கற்பலன். அதை உணர்பவர் துடிப்புகளை 73 வரிசைகளாக அடுக்கினால் ஒரு படம் தோன்றும்: எண்கள், உயிரின் வேதிப்பொருள்கள், ஒரு மனித உருவம், கதிரவக் குடும்பம். அம்மடல் இன்னும் வழியில்தான் இருக்கிறது. அனுப்பிய தொலைநோக்கியோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது.

அண்மையில் நடந்த ஒத்திகை ஒன்று நமக்கு மேலும் பாடம் புகட்டுகிறது. 2023 மே 24 அன்று, செவ்வாய்க் கோளைச் சுற்றும் ஐரோப்பிய விண்கலம் ஒன்றிலிருந்து, வேற்றுலகச் செய்தி போலப் புனையப்பட்ட ஒரு செய்தியைப் புவிக்கு அனுப்பினார்கள். தனியேலா தெ பவுலிஸ் என்னும் கலைஞரின் ஏற்பாடு அது. உலகெங்கும் உள்ள ஆர்வலர் ஆயிரக்கணக்கில் அதைப் படிக்க முயன்றனர். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் ஒரு தந்தையும் மகளும் சேர்ந்து அதிலிருந்த படத்தை வெளிக்கொணர்ந்தனர். உயிர்களின் கட்டமைப்புக்கு அடிப்படையான அமினோ அமிலங்களின் படங்கள் அவை. ஆனால் அவற்றை அனுப்பியதன் கருத்து என்ன? வாழ்த்தா, விளக்கமா, எச்சரிக்கையா, வேண்டுகோளா? அது பற்றிய கலந்துரையாடல் படம் கிடைத்த பின்பும் தொடர்ந்தது. எழுதியவரும் மனிதர், படித்தவரும் மனிதர் என்றிருந்தும் நிலைமை இதுவே. குறியை அவிழ்ப்பது வேறு, சொல்ல வந்ததை அறிவது வேறு என்பதை இதனால் அறிகிறோம்.

உபயம்

சொல்ல வந்ததை அறிய எது உதவும்? திருப்பூர்ப் பனியன் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உட்புறத் தையலில் ஒரு சிறு வாஷ்கேர் லேபிள் இருக்கும். அதில் நீர்த்தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என ஐந்து குறிகள். பவர் டேபிளில் அதை வைத்துத் தைக்கும் பெண்ணுக்கு ஜெர்மானிய மொழி தெரியாது. ஜெர்மனியில் அதை உடுத்துபவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இருவரும் துணியை நீரில் துவைப்பவர்கள். ஆகையால் தொட்டியின் படமும் இஸ்திரிப் பெட்டியின் படமும் பிறர் சொல்லாமலே விளங்கிவிடுகின்றன. முக்கோணம் அவ்வாறு விளங்காது. வெளுப்பு மருந்து இடுவதைப் பற்றியது அக்குறி என்று யாரேனும் சொல்லித்தான் தெரிய வேண்டும். பொதுவான வாழ்வு பாதிக் குறிகளைத் திறக்கிறது. மீதியைக் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது. துணியே உடுத்தாத, நீரே அறியாத ஓர் உயிர் அந்த லேபிளைக் கண்டால் என்ன செய்யும்?

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. அசோகர் காலத்துப் பிராமி எழுத்து பல நூற்றாண்டுகள் படிப்பாரற்றுக் கிடந்தது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சித் தூபியின் கற்களில் இருந்த குறுங்கல்வெட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அவற்றுட் பல ஒரே எழுத்துகளில் முடிவதைக் கண்டார். கோயிலுக்குக் கொடுப்பவர் தம் பெயரைப் பொறித்து வைப்பது இந்நாட்டு வழக்கம் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஈற்றுச் சொல் 'தானம்' என்பதாக இருக்க வேண்டும் என்று உணர்ந்தார். அந்த ஒரு சொல்லால் பூட்டு திறந்தது. நம் ஆலயங்களின் மின்விசிறியிலும் குழல்விளக்கிலும் 'உபயம்' என்று எழுதி, வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்குப் பெயர் பொறிக்கும் அன்பர்களைக் கண்டு நாம் சலித்துக்கொள்வதுண்டு. அந்த எளிய மனித ஆசைதான் இரண்டாயிரம் ஆண்டுக்கால எழுத்தைத் திறந்து தந்தது என்பதை எண்ணினால் சலிப்புச் சற்றுக் குறையும்! எழுத்தின் வடிவத்தை ஆராய்ந்த பிரின்செப், எழுதியவரின் வாழ்வையும் அறிந்திருந்தார்.

சிந்துவெளியின் மௌனம்

அந்த அறிவு இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதற்குச் சிந்துவெளி எழுத்தே சான்று. 1924 செப்டம்பரில் ஜான் மார்ஷல் அந்நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். நூறாண்டுகள் கடந்தன. முத்திரைகளில் சராசரியாக ஐந்து குறிகளே உள்ளன. இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. படித்துவிட்டோம் என்று முழங்கியோர் பலர். பெரும்பாலும் அவரவர் தமக்கு உவப்பான மொழியையே அதில் கண்டனர். மறுபுறம், 2004இல் மூன்று மேனாட்டு அறிஞர், அது மொழியைக் குறிக்கும் எழுத்தே அன்று என்றனர். 2009இல் வேறு சில அறிஞர், குறிகள் அடுத்தடுத்து வரும் ஒழுங்கைக் கணினியால் அளந்து, அது மொழியின் ஒழுங்கை ஒத்திருக்கிறது என்று காட்டினர். பொருள் தெரியாமலே ஒழுங்கை அளக்கும் இத்தகைய முறைகளே விண்ணிலிருந்து வரும் செய்திக்கும் பயன்படும் என்று கருதப்படுகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர், இவ்வெழுத்தைப் புரிந்துகொள்ள வழி காண்போருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார்.

இத்துறையில் தமிழர் நன்றியோடு நினைக்க வேண்டியவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே ஆய்வு செய்த அவர், 1977இல் சிந்துவெளிப் பொறிப்புகள் அனைத்தையும் தொகுத்து, 417 குறிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கெங்கு எதனருகே வருகிறது என்னும் அடைவை வெளியிட்டார். அது திராவிட மொழி என்பது அவர் கருத்து. அக்கருத்தை ஏற்காத அறிஞரும் இன்றுவரை அந்த அடைவையே கையாளுகின்றனர். தம் முடிவை மறுப்பவருக்கும் பயன்படுமாறு சான்றுகளைத் தொகுத்து வைப்பது எளிய செயல் அன்று. உண்மையைத் தமக்கு மேலாக மதிப்பவரே அவ்வாறு செய்ய இயலும்.

நம் நொய்யல் ஆற்றங்கரையிலும் இதே பாடம் புதைந்து கிடக்கிறது. ஆறு திருப்பூரைக் கடந்து கிழக்கே சென்று சென்னிமலைப் பக்கம் அடையும் இடத்தில் கொடுமணல் என்னும் சிற்றூர். அங்கே அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. அவற்றை இன்று படிக்கிறோம். அன்று அங்கே வாழ்ந்தவரின் பெயர்கள் கிடைக்கின்றன. அதே மண்ணிலிருந்து எடுத்த வேறு ஓடுகளில் கீறல் குறிகள் உள்ளன. அவற்றின் பொருள் தெளியவில்லை. பெயர் தெரிந்த அந்த மனிதரின் குறி நமக்கு விளங்கவில்லை. அவரை எழுப்பிக் கேட்கவும் வழியில்லை. ஊகிப்பதைத் தவிர அங்கே நமக்கு வேறு வழி இல்லை. நேர்மையாக ஊகிப்பதே அங்கே நம் கடமை.

கேட்கக் கூடியவர்

கொடுமணலின் குயவரும் சிந்துவெளியின் வணிகரும் 25,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவரும் ஒருவகையில் ஒரே நிலையினர். நாம் தவறாகப் படித்தால் 'அப்படி இல்லை' என்று அவர்களால் நம்மைத் திருத்த இயலாது. இங்கிருந்து கேள்வி அனுப்பிப் பதில் பெற ஐம்பதாயிரம் ஆண்டுகள் வேண்டும். ஒருவர் சொன்னதை நாம் புரிந்துகொண்டோம் என்பதற்கு இறுதிச் சான்று, அவரே நம் புரிதலைத் திருத்த வாய்ப்பளிப்பதுதான். அவ்வாய்ப்பு இல்லாத இடத்தில் ஊகம் மன்னிக்கத்தக்கது. வாய்ப்பு இருந்தும் கேளாமல் ஊகிப்பது?

வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தபோது தமிழகம் அவருக்கு வேற்றுலகமே. அன்றைய ஏடுகளில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டு வந்தன. ஏட்டை மட்டும் பார்த்தவருக்கு அவை ஒன்றே. மக்கள் வாயிலாகத் தமிழைக் கேட்டுப் பயின்ற முனிவரோ அவை வேறு என்பதை அறிந்து, வேறுபடுத்தி எழுத வழி வகுத்தார். எழுத்து காட்டாததைப் பேசுபவரின் நா காட்டிற்று. பேசுபவர் அருகில் இருந்தார். முனிவர் அவரிடம் மாணவராக அமர்ந்தார்.

திருப்பூரில் இன்று ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், வங்காளம், அசாம் எனப் பல மாநிலத்தார் நம்மோடு உழைக்கின்றனர். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொரு மேசையிலும் அவர்கள் இருக்கின்றனர். அவர்கள் அனைவருக்கும் ஊர் வழங்கும் பெயர் ஒன்றே: 'இந்திக்காரர்'. ஒடியா பேசுபவரும் வங்காளி பேசுபவரும் சந்தாலி பேசுபவரும் அப்பெயருக்குள் அடங்கிவிடுகின்றனர்.

2023 ஜனவரியில் திருப்பூரில் நடந்த கைகலப்பு ஒன்றின் காட்சி கைப்பேசிகளில் பரவிற்று. வடமாநிலத் தொழிலாளர் சிலர் தமிழ்த் தொழிலாளரைத் துரத்துவதாக அமைந்த காட்சி அது. சிறு தகராறில் மூண்ட பூசல் என்று காவல்துறை விளக்கியது. பார்த்தவர் பலரோ அதில் ஒரு படையெடுப்பையே படித்தனர். மார்ச் மாதம் நிலைமை திரும்பிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்னும் பொய்ச் செய்தி, வேறெங்கோ வேறு காரணங்களால் நடந்த நிகழ்ச்சிகளின் காட்சிகளோடு ஒட்டப்பட்டு வடக்கே பரவிற்று. பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. இங்கிருந்த தொழிலாளர் பலர் அஞ்சி ரயில் ஏறினர். ஊரில் பெற்றோர் உறக்கமின்றித் தவித்தனர். அப்பொய் எப்படி அடங்கிற்று? மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் தொழிலாளரின் மொழியில் பேசின. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கு வந்து தொழிலாளரையே நேரில் சந்தித்துக் கேட்டது. கேட்ட பின் உண்மை விளங்கிற்று.

இரு திசையிலும் ஒரே பிழை. தெரியாத மொழியில் ஒரு காட்சி வந்தது. அதைக் கண்டவர் தம் அச்சத்தையே அதில் படித்தனர். துடிப்பைக் கண்ட மாணவி காத்திருந்தார், வேறு திசையிலும் தேடினார். காட்சியைக் கண்டவரோ அடுத்த நொடியே அதைப் பிறருக்கு அனுப்பினர். பல்லாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவருக்கு அறிவியல் காட்டும் பொறுமையை, அடுத்த மேசையில் இருப்பவருக்கு நாம் காட்டவில்லை என்றால், அது அறிவின் குறை ஆகாது. அன்பின் குறையே ஆகும்.

விண்ணாராய்ச்சிக்குச் செலவழிப்பது வீண், அதை ஏழைக்குக் கொடுக்கலாம் என்று இங்கே நாம் வாதிடவில்லை. அவ்வாராய்ச்சி நமக்கு ஆசிரியராக இருக்கிறது என்கிறோம். பார்வையற்ற பர்த்திமேயுவுக்கு என்ன தேவை என்பது எரிகோவின் சாலையில் நின்ற எவருக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் ஆண்டவர் அவரை அழைத்து, என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டார். எல்லாம் அறிந்தவரே கேட்டார் என்றால், அரைகுறையாக அறிந்த நாம் கேளாமல் இருக்கலாமா?

எந்த 'நாம்'?

1977இல் விண்ணில் ஏவப்பட்ட இரு வாயேஜர் கலங்களிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டது. 55 மொழிகளில் வாழ்த்துகள் அதில் உள்ளன. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உள்ளன; தமிழ் இல்லை. அதை எண்ணி நாம் வருந்துவது இயல்பே. ஆனால் அத்தட்டைத் தொகுத்தவர்கள், போர், நோய், குற்றம், வறுமை ஆகியவற்றின் படங்களைச் சேர்ப்பதில்லை என்றும் முடிவு செய்தனர். அண்டை அயலாரிடம் முதன்முதல் பேசும்போது வீட்டுக் குறைகளைச் சொல்ல வேண்டாம் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். எனினும் அந்த மடலில் 'நாம்' என்று பேசும் மானிடத்தில் ஏழைகளின் முகம் இல்லை.

தமிழும் அம்மடலில் இருந்திருந்தால் ஒரு சிக்கல் எழுந்திருக்கும். கேட்பவரையும் உள்ளடக்கினால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். வேற்றுலகத்தாருக்குத் தமிழில் எழுதுபவர் முதல் வரியிலேயே தீர்மானித்தாக வேண்டும்: அவர்களை உள்ளே வைத்துப் பேசுகிறோமா, வெளியே வைத்தா? முதல் மடலில் 'நாங்கள்' என்பதே பொருத்தம். அறிமுகமற்றவரை நம்மவர் என்று சொல்லிவிடுவதும் ஒருவகைப் பறிப்பே. அவர்களைக் கேட்டு, அவர்களால் திருத்தப்பட்டு, பின்னரே 'நாம்' என்று சொல்லும் உரிமை பிறக்கும்.

ஜார்க்கண்டிலிருந்து வரும் ஓராவோன் மக்களின் தாய்மொழி குருக். வடக்கே வழங்கினும் அது திராவிட மொழி. 1924இல் இயேசு சபைக் குரு கிரிஞ்ஞார் அதற்கு அகராதி வெளியிட்டார்; சிந்துவெளி உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். குருக் மொழியில் 'நான்' என்பது ஏன். 'நீ' என்பது நீன். கேட்பவரை விலக்கும் பன்மை ஏம். உள்ளடக்கும் பன்மை நாம். நாம் சொல்லும் அதே சொல், அதே பொருளில்! ஐயாயிரம் ஆண்டுப் பழைய முத்திரைகளில் திராவிடச் சொல்லைத் தேடுகிறோம். அது நல்ல தேடலே. அச்சொற்களுள் ஒன்றைத் தாய்ப்பாலோடு பெற்ற பெண் ஒருத்தி, நம் ஊர் பனியன் கம்பெனியில் பண்டில்களை எண்ணிக்கொண்டிருக்கக் கூடும். அவளை இந்திக்காரி என்று அழைக்கிறோம்.

அவள் ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்திற்கும் வரலாம். ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர். தமிழ்த் திருப்பலியின் சொற்கள் அவளுக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனால் எங்கே எழுந்து நிற்க வேண்டும், எங்கே முழந்தாளிட வேண்டும், எங்கே அமைதி காட்ட வேண்டும் என்பது தெரியும். இது ஆண்டவர் கற்பித்த செபம் என்பதை அது வரும் இடத்தைக் கொண்டே அறிந்து, தன் மொழியில் அதைச் சொல்வாள். சிந்துவெளி ஆய்வாளர் நூறாண்டாகத் தேடியும் கிடைக்காத இருமொழிப் பனுவல், ஒவ்வொரு ஞாயிறும் நம் பீடத்தில் விரிகிறது. சொற்களைக் கேட்டுக்கொள்வது மட்டுமே எஞ்சியிருக்கிறது. திருப்பலி முடிந்ததும் வாசலில் அவளிடம், 'உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று ஒருவர் கேட்டால் போதும்.

அச்செபத்தில் இறைவனை நோக்கி 'எங்கள்' தந்தை என்கிறோம். கேட்பவர் இறைவன் ஆகையால் தமிழ் இலக்கணப்படி அங்கே 'நம்' என்று வராது. அந்த 'எங்கள்' என்னும் சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதை இலக்கணம் சொல்வதில்லை. நம் அருகில் நிற்பவள் இருக்கிறாள். தொலைவிலுள்ள உலகங்களில் இறைவனை அறியும் உயிர்கள் இருக்குமானால் அவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் மடல் என்று வருமோ, அறியோம். வரும் நாளில் அதைப் படிக்கத் தகுதியுடையவராய் இருக்க விரும்பினால், அந்தப் பயிற்சியை இந்த ஞாயிறே ஆலய வாசலில் தொடங்கலாம்.